பள்ளிக்கூடம் கட்டிவிட்டோம், பராமரிக்கிறோமா?

ஒவ்வொரு ஜூன் மாதமும் நம் வீடுகளில் ஒரே பேச்சுதான். எந்தப் பள்ளியில் சேர்ப்பது, கட்டணம் எவ்வளவு, பத்தாம் வகுப்பில் எத்தனை பேர் நானூறைத் தாண்டினார்கள், பள்ளி வாகனம் நம் தெருவுக்கு வருமா என்றெல்லாம் விசாரிக்கிறோம். ஆனால் ஒரு கேள்வியை அநேகமாக யாரும் கேட்பதில்லை. அந்தப் பள்ளியின் கழிப்பறை எப்படி இருக்கிறது? குடிதண்ணீர்த் தொட்டியை எப்போது கழுவினார்கள்? மேல்மாடியில் தீப்பிடித்தால் பிள்ளைகள் எந்த வழியாக இறங்குவார்கள்?

கல்விக்காகக் கட்டடம் எழுப்புவதில் நம் சமுதாயம் சளைத்ததல்ல. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919இல் தொடங்கப்பட்டது. திருச்சி ஜமால் முகமது கல்லூரி 1951இலும், அதிராம்பட்டினம் காதிர் முகைதீன் கல்லூரி 1955இலும் எழுந்தன. தோல் வணிகத்திலும் கடல் கடந்த வணிகத்திலும் ஈட்டிய பொருளைப் பெரியவர்கள் கல்விக்குக் கொடுத்தார்கள். இன்றும் ஊருக்கு ஊர் ஜமாஅத்தும் அறக்கட்டளைகளும் பள்ளிகள் நடத்துகின்றன. வளைகுடா நாடுகளில் உழைக்கும் சகோதரர்கள் வகுப்பறைக்கு இவ்வளவு, மாடிக்கு இவ்வளவு என்று அனுப்பித் தருகிறார்கள்.

கட்டடம் திறக்கும் நாளில் கல்வெட்டு இருக்கிறது, விருந்து இருக்கிறது, புகைப்படம் இருக்கிறது. ஐந்து வருடம் கழித்து அதே கட்டடத்தில் குழாய் ஒழுகுகிறது, தாழ்ப்பாள் இல்லை, மின்விசிறி சுற்றவில்லை, நூலக அறையில் உடைந்த பெஞ்சுகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. கட்டுவதற்கு ஆள் கிடைக்கும். கழுவுவதற்கும் பழுது பார்ப்பதற்கும் நன்கொடை தர ஆள் கிடைப்பதில்லை. அதற்குக் கல்வெட்டு வைக்க முடியாது அல்லவா?

இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது வேலையைப் பற்றியது. பள்ளியின் வசதிகளை முறையாக நிர்வகித்தால் பிள்ளையின் படிப்பு எப்படி உயரும், அதற்கு என்ன செலவாகும், யார் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பார்ப்போம்.

சட்டம் கேட்பது என்ன?

இலவச மற்றும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒரு பள்ளிக்கு இருக்க வேண்டிய அடிப்படை வசதிகளை அதன் அட்டவணை வரிசையாகச் சொல்கிறது. எல்லாக் காலநிலைக்கும் தாங்கும் கட்டடம், ஆசிரியர் ஒருவருக்கு ஒரு வகுப்பறையாவது, மாற்றுத்திறனாளிகள் தடையின்றி வந்து போகும் வழி, ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் தனித்தனிக் கழிப்பறை, எல்லாருக்கும் போதுமான பாதுகாப்பான குடிநீர், மதிய உணவு சமைக்கும் இடத்தில் சமையலறை, விளையாட்டு மைதானம், சுற்றுச்சுவர் அல்லது வேலி, நூலகம் ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளன.

இங்கே ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். சிறுபான்மையினர் நிறுவி நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் பிரமதி அறக்கட்டளை வழக்கில் தீர்ப்பளித்தது. நம் நிறுவனங்களின் தனித்தன்மையைக் காக்க அந்தத் தீர்ப்பு உதவியது உண்மை. ஆனால் கழிப்பறை இல்லாமல் பள்ளி நடத்தலாம் என்பது அதன் பொருள் அல்ல. கட்டட உரிமம், கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறையின் சான்று, சுகாதாரச் சான்று ஆகியவற்றைத் தமிழ்நாட்டில் தனியார் பள்ளிகள் பெற்றாக வேண்டும். யார் நடத்தும் பள்ளியானாலும் இதில் விலக்கு இல்லை. சட்டம் நம்மைக் கேட்காத இடத்திலும் நம் பிள்ளைகள் கேட்கிறார்கள் என்பதை நிர்வாகிகள் மறந்துவிடக் கூடாது.

காலையிலிருந்து தண்ணீர் குடிக்காத பெண் பிள்ளை

உங்கள் வீட்டுப் பெண் பிள்ளை பள்ளியிலிருந்து திரும்பியதும் அவள் கொண்டுபோன தண்ணீர் பாட்டிலைப் பாருங்கள். பாதிக்கு மேல் அப்படியே இருந்தால், ஏன் என்று அவளிடம் மெதுவாகக் கேளுங்கள். பள்ளிக் கழிப்பறைக்குப் போகப் பிடிக்காமல் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பிள்ளைகள் பலர். தண்ணீர் குறைந்தால் தலைவலியும் சோர்வும் வரும், கவனம் சிதறும். சிறுநீரை அடக்குவதால் சிறுநீர்ப் பாதையில் தொற்று வரும். மதியம் கணக்குப் பாடத்தில் அவள் மந்தமாக இருப்பதற்குக் காரணம் மூளை அல்ல, குழாய் இல்லாத கழிப்பறையாக இருக்கலாம்.

வயதுக்கு வந்த பிள்ளைகளின் நிலை இன்னும் சிரமமானது. கதவில் தாழ்ப்பாள் இல்லை, தண்ணீர் இல்லை, நாப்கினைப் போட ஒரு மூடிய தொட்டி இல்லை என்றால் மாதத்தில் மூன்று நாட்கள் அவள் விடுப்பு எடுப்பாள். வருடத்துக்கு எத்தனை நாள் ஆயிற்று என்று கணக்குப் போடுங்கள். படிப்பு பின்தங்கியதும், "இவளுக்குப் படிப்பு ஏறவில்லை, போதும்" என்று வீட்டில் முடிவெடுத்துவிடுகிறோம்.

இது வெறும் ஊகமல்ல. இந்தியாவில் 2000களின் தொடக்கத்தில் பள்ளிகளில் கழிப்பறை கட்டியதன் விளைவை சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர் அனுஷ்கா அடுகியா ஆராய்ந்து 2017இல் வெளியிட்டார். கழிப்பறை வந்த பள்ளிகளில் மாணவர் சேர்க்கை கூடியது. சிறு குழந்தைகளுக்குப் பொதுவான கழிப்பறை வந்ததே பயன் தந்தது. பருவ வயதுப் பெண்களுக்கோ தங்களுக்கென்று தனியான கழிப்பறை இருந்த இடத்தில்தான் பெரிய மாற்றம் தெரிந்தது.

ஆனால் கட்டினால் மட்டும் போதுமா? 2014இல் மத்திய அரசு அறிவித்த தூய்மைப் பள்ளித் திட்டத்தில் ஒரே வருடத்தில் நாடெங்கும் நான்கு லட்சத்துக்கும் அதிகமான கழிப்பறைகள் கட்டப்பட்டதாகச் சொல்லப்பட்டது. அவற்றில் மத்தியப் பொதுத்துறை நிறுவனங்கள் கட்டியவற்றில் ஒரு பகுதியைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் நேரில் ஆய்வு செய்து 2020இல் அறிக்கை தந்தார். ஆய்வு செய்த கழிப்பறைகளில் சுமார் 72 சதவீதத்தில் உள்ளே தண்ணீர் வசதி இல்லை. சுமார் 75 சதவீதம் சுத்தமாகப் பராமரிக்கப்படவில்லை. நாம் மேலே சொன்ன கல்வெட்டுக் கதை தேசிய அளவிலும் அதேதான்.

இடைவேளையின் கணக்கு

தூய்மைப் பள்ளித் திட்டம் சொல்லும் அளவு இது: 40 பிள்ளைகளுக்கு ஓர் அலகு. ஓர் அலகு என்றால் ஒரு கழிவறையும் மூன்று சிறுநீர் கழிப்பிடங்களும். 400 பெண் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்குப் பத்து அலகுகள் தேவை.

பல பள்ளிகளில் இருப்பதோ நான்கு அறைகள். இடைவேளை 15 நிமிடம். ஒரு பிள்ளைக்கு இரண்டு நிமிடம் என்று வைத்தால் ஓர் அறைக்கு ஏழு பேர், நான்கு அறைக்கு 28 பேர் போய்வரலாம். மீதி 372 பேர்? வரிசையில் நின்றுவிட்டு மணி அடித்ததும் வகுப்புக்குத் திரும்புகிறார்கள். "மிஸ், பாத்ரூம்" என்று பாதி வகுப்பில் எழுந்து நிற்கும் பிள்ளையைத் திட்டுவதற்கு முன் இந்தக் கணக்கை ஆசிரியர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

புதிதாகக் கட்டப் பணம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இடைவேளையை வகுப்புவாரியாகப் பிரித்தால், அதாவது ஆறு, ஏழாம் வகுப்புக்கு ஒரு நேரம், எட்டு, ஒன்பதாம் வகுப்புக்குக் கால் மணி கழித்து என்று வைத்தால், அதே நான்கு அறைகள் இரண்டு மடங்கு பிள்ளைகளுக்குப் பயன்படும். பைசா செலவில்லை. நிர்வாகம் என்று சொல்வது இதைத்தான். இருக்கும் வசதியிலிருந்து கிடைக்கக்கூடிய முழுப் பயனையும் எடுப்பது.

சுத்தம் செய்வதற்கும் நேரம் குறிக்க வேண்டும். பிள்ளைகள் வருவதற்கு முன் ஒரு முறை, காலை இடைவேளைக்குப் பின் ஒரு முறை, மதிய உணவுக்குப் பின் ஒரு முறை. கழுவியவர் கையெழுத்துப் போட ஒரு தாள் கதவுக்குப் பின்னால் தொங்க வேண்டும். அந்த வேலையைச் செய்பவருக்கு உரிய சம்பளமும் கையுறையும் காலணியும் கொடுக்காமல் சுத்தத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

தண்ணீர்த் தொட்டி

குடிதண்ணீர் பெரும்பாலான பள்ளிகளில் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வருகிறது. மூடி சரியில்லாத தொட்டியில் இலையும் கொசுவும் பறவை எச்சமும் சேரும். டெங்குக் கொசு வளர்வது நல்ல தண்ணீரில்தான் என்பதை ஒவ்வொரு மழைக்காலத்திலும் கேள்விப்படுகிறோம். தொட்டியைக் குறைந்தது மாதம் ஒரு முறை காலி செய்து தேய்த்துக் கழுவ வேண்டும். கழுவிய தேதியைத் தொட்டியின் மீதே பெயிண்டால் எழுதி வைப்பது நல்ல வழக்கம்.

குளோரின் கலக்கும் பள்ளிகளில், தொட்டியில் போட்டால் போதும் என்று விடக் கூடாது. பிள்ளை குடிக்கும் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயத்தின் அளவு. ஆழ்துளைக் கிணற்று நீராக இருந்தால் அதைப் பரிசோதிக்க வேண்டும். கடலோர ஊர்களில் நிலத்தடி நீர் உப்பாவதை நாம் அறிவோம். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் தண்ணீரைக் கொடுத்துச் சோதிக்கலாம். சுத்திகரிப்பு இயந்திரம் நன்கொடையாக வாங்கினால், அதன் வடிகட்டிகளை மாற்ற வருடத்துக்கு எவ்வளவு ஆகும் என்று அன்றே கேட்டு அந்தத் தொகைக்கும் ஏற்பாடு செய்ய வேண்டும். இல்லையென்றால் அடுத்த வருடம் அது வெறும் அலமாரி.

வெளிச்சம், காற்று, வெக்கை

கரும்பலகையில் எழுதியது கடைசி பெஞ்சுக்குத் தெரியவில்லை என்றால் ஆசிரியர் எவ்வளவு திறமையாக நடத்தியும் பயன் இல்லை. ஒரு சோதனை செய்து பாருங்கள். காலை 11 மணிக்கும் மாலை 3 மணிக்கும் ஒவ்வொரு வகுப்பறையிலும் கடைசி பெஞ்சின் இரு ஓரங்களிலும் உட்கார்ந்து பலகையைப் பாருங்கள். ஜன்னல் வெளிச்சம் பலகையில் பட்டுக் கண்ணைக் கூசுகிறதா? எழுத்து மங்கலாக இருக்கிறதா? பலகைக்குக் கறுப்பு அடிப்பதும், ஒரு விளக்கை இடம் மாற்றுவதும், ஜன்னலை மறைக்கும் பீரோவை நகர்த்துவதும் சில நூறு ரூபாய் வேலைகள்.

வெக்கை அதைவிடப் பெரிய சிக்கல். அமெரிக்காவில் கோடி மாணவர்களின் தேர்வு மதிப்பெண்களை வைத்து ஜிசுங் பார்க் உள்ளிட்ட பொருளாதார ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வில், குளிர்சாதனம் இல்லாத பள்ளிகளில் ஒரு கல்வியாண்டின் வெப்பம் ஃபாரன்ஹீட் அளவில் ஒரு டிகிரி கூடினால் அந்த ஆண்டில் பிள்ளைகள் கற்பது ஏறக்குறைய ஒரு சதவீதம் குறைகிறது என்று கண்டார்கள். நம் ஊரின் வெயிலை யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. தகரக் கூரையின் கீழும், மொட்டை மாடிக்கு நேர் கீழேயும் உள்ள வகுப்பில் மதியம் உட்கார்ந்து பார்த்தால் தெரியும்.

எல்லா வகுப்புக்கும் குளிர்சாதனம் வைப்பது நம்மால் ஆகாது, தேவையும் இல்லை. மொட்டை மாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு அல்லது வெப்பத்தைத் திருப்பும் வெள்ளைப் பூச்சு அடித்தால் அறைக்குள் வெக்கை தணியும். எதிரெதிர்ச் சுவர்களில் ஜன்னல் திறந்திருந்தால் காற்று ஓடும். மேற்குப் பக்கம் வேம்பும் புங்கனும் நட்டால் சில வருடங்களில் நிழல் தரும். மதிய வெயிலில் சூடாகும் அறைகளில் மதியத்துக்குப் பின் வகுப்பு வைக்காமல், அவற்றைப் பொருள் வைக்கும் அறையாகவோ காலை வகுப்பாகவோ மாற்றிக்கொள்ளலாம்.

94 குழந்தைகள்

2004 ஜூலை 16ஆம் தேதியைத் தமிழகம் மறக்க முடியாது. கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் மதிய உணவுச் சமையலறையில் பற்றிய தீ, கீற்றுக் கொட்டகையில் பரவி, மேல்மாடி வகுப்புகளின் கூரைக்குத் தாவியது. ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள் இயங்கின. மாடிப்படி குறுகலானது. 94 குழந்தைகள் கருகி இறந்தார்கள்.

அந்தத் துயரத்தையொட்டித் தொடுக்கப்பட்ட அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்கில் 2009 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், பாதுகாப்பான பள்ளியில் படிப்பதும் கல்வி உரிமையின் ஒரு பகுதியே என்று சொல்லியது. பள்ளிகளில் தீயணைப்புக் கருவி இருக்க வேண்டும், அதைப் பயன்படுத்த ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர வேண்டும், கட்டடம் தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி இருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்த விதித்தொகுப்பின்படி பள்ளியின் மாடிப்படி குறைந்தது 1.5 மீட்டர் அகலம் இருக்க வேண்டும்.

2021 டிசம்பர் 17இல் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதன் பிறகுதான் மாநிலம் முழுவதும் பழுதடைந்த பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்கும் வேலை வேகம் பிடித்தது. உயிர் போன பிறகு எடுக்கும் கணக்கு அது.

கட்டடம் ஒரே நாளில் பழுதாவதில்லை. மொட்டை மாடியில் தட்டோடுகளுக்கு இடையே விரிசல் விடும். மழைநீர் வடிகுழாயில் இலை அடைத்துத் தண்ணீர் தேங்கும். தேங்கிய நீர் கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துருப்பிடித்த கம்பி முன்பைவிடப் பருத்து, மேலிருக்கும் காரையைத் தள்ளும். முதலில் ஈரத் திட்டு, பிறகு பழுப்புக் கோடு, பிறகு விரிசல், கடைசியில் பிள்ளைகளின் தலைமேல் காரை பெயர்ந்து விழும். காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றால் இது இன்னும் வேகமாக நடக்கும். முதல் கட்டத்தில் ஒரு மூட்டை சிமெண்டோடு முடியும் வேலை, கடைசிக் கட்டத்தில் கட்டடத்தையே இடிக்க வைக்கும்.

தீயணைப்புக் கருவியின் மேலுள்ள முள் பச்சைப் பகுதியில் இருக்கிறதா, நிரப்ப வேண்டிய தேதி தாண்டிவிட்டதா என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மாடிப்படியின் கீழ் பழைய பெஞ்சும் காகிதமும் அடுக்கியிருக்கக் கூடாது. பள்ளி நேரத்தில் எந்த வெளிவாசலும் பூட்டுப் போட்டிருக்கக் கூடாது. பெண் பிள்ளைகளின் பாதுகாப்புக்காக என்று பின்வாசலைப் பூட்டும் வழக்கம் சில இடங்களில் உண்டு. காவலாளியை நிறுத்துங்கள், பூட்டாதீர்கள். வருடத்துக்கு இரண்டு முறையாவது மணி அடித்து எல்லாப் பிள்ளைகளையும் மைதானத்துக்கு இறக்கிப் பழக்க வேண்டும்.

பூட்டிய நூலகமும் தூசி படிந்த ஆய்வகமும்

வசதி இருப்பது வேறு, பிள்ளையின் கைக்கு அது கிடைப்பது வேறு. புத்தகம் தொலைந்தால் ஆசிரியர் பொறுப்பு என்ற பயத்தால் நூலகம் பூட்டியே கிடக்கிறது. கணினி பழுதாகிவிடும் என்று உறையே கழற்றுவதில்லை. பொதுத்தேர்வுச் செய்முறைக்கு ஒரு வாரம் முன்புதான் ஆய்வகம் திறக்கிறது. கிழிந்துபோன புத்தகம் யாரோ படித்த புத்தகம். புத்தம் புதிதாக இருக்கும் புத்தகத்தைப் பற்றித்தான் நாம் கவலைப்பட வேண்டும்.

கால அட்டவணையில் ஒவ்வொரு வகுப்புக்கும் வாரம் ஒரு நூலக வேளை, ஒரு ஆய்வக வேளை என்று எழுதி, அது நடந்ததா என்று பதிவேட்டில் குறிக்க வேண்டும். ஒரு வருடத்தில் இத்தனை புத்தகம் தொலையும், இத்தனை குடுவை உடையும் என்று முன்கூட்டியே வரவு செலவில் ஒரு தொகை ஒதுக்கிவிட்டால் ஆசிரியரின் பயம் போய்விடும்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். கட்டடம் பாடம் நடத்தாது. பள்ளிகளில் வசதி கூடிய பின்னும் பிள்ளைகளின் வாசிப்புத் திறன் அதே அளவுக்கு உயரவில்லை என்பதைக் கிராமப்புறக் கல்வி நிலையை ஆராயும் அசர் அறிக்கைகள் தொடர்ந்து காட்டுகின்றன. நல்ல ஆசிரியருக்கு மாற்று எதுவும் இல்லை. ஆனால் நல்ல ஆசிரியரின் உழைப்பு வெக்கையிலும் இருட்டிலும் நாற்றத்திலும் வீணாகாமல் காப்பது வசதிகளின் வேலை.

பணம் எங்கிருந்து வரும்?

அரசுப் பள்ளிகளுக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வருடாந்தரப் பள்ளி மானியம் உண்டு. 101 முதல் 250 மாணவர் உள்ள பள்ளிக்கு ரூ.50,000, 251 முதல் 1,000 வரை ரூ.75,000, அதற்கு மேல் ரூ.1 லட்சம் என்பது வழிகாட்டுதலில் உள்ள அளவு. இதில் பத்து சதவீதமாவது சுகாதாரத்துக்குச் செலவிட வேண்டும். 240 பிள்ளைகள் உள்ள பள்ளியில் இது ஒரு பிள்ளைக்கு மாதம் 17 ரூபாய்தான். எனவே வெளியிலிருந்தும் உதவி தேவைப்படுகிறது. அரசுப் பள்ளிகளுக்கு உதவ விரும்புவோருக்காகத் தமிழக அரசு 2022 டிசம்பரில் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தைத் தொடங்கியது. நம் பிள்ளைகளில் கணிசமானோர் அரசுப் பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். அவற்றுக்கு உதவுவதும் நம் கடமையே.

நம் நிறுவனங்களுக்கு எவ்வளவு தேவை? கட்டடத்தை இன்று புதிதாகக் கட்டினால் ஆகும் செலவில் 2 முதல் 4 சதவீதத்தை ஒவ்வொரு வருடமும் பராமரிப்புக்கு ஒதுக்க வேண்டும் என்பது உலக அளவில் பொதுக் கட்டடங்களுக்குச் சொல்லப்படும் அளவுகோல். ஒரு கோடி ரூபாய்க் கட்டடத்துக்கு வருடம் இரண்டு முதல் நான்கு லட்சம். இந்தக் கணக்கைப் போடாமல்தான் அடுத்த மாடிக்கு நன்கொடை திரட்டத் தொடங்குகிறோம்.

நம் மரபில் இதற்கு வழி இருக்கிறது. வக்ஃபு சொத்தின் வருமானத்தில் முதல் செலவு அந்தச் சொத்தைப் பழுது பார்ப்பதற்கே என்று ஹனஃபி சட்ட நூல்கள் வகுத்திருக்கின்றன. கொடுத்தவர் அப்படி நிபந்தனை போடாவிட்டாலும் பராமரிப்புக்கே முதலிடம். பள்ளிவாசலை வக்ஃபு செய்த நம் முன்னோர்கள் அதனுடன் கடைகளையும் தோப்புகளையும் சேர்த்துத் தந்ததன் காரணம் இதுதான். விளக்குக்கு எண்ணெயும், கூரைக்கு ஓடும், மோதினாருக்குச் சம்பளமும் அதிலிருந்து வர வேண்டும் என்று யோசித்தார்கள். பள்ளிக்கூடத்துக்கும் அதே முறை வேண்டும். ஒரு வகுப்பறை கட்டித் தர வருபவரிடம், "இதில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கென்று தனியாக வையுங்கள், அல்லது ஒரு கடை வாடகையை எழுதி வையுங்கள்" என்று கேட்கும் துணிச்சல் நிர்வாகிகளுக்கு வேண்டும்.

வெளிநாட்டில் வேலை செய்யும் சகோதரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இந்தியக் குடியுரிமை உள்ளவர் தம் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பும் நன்கொடை, வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தின் கீழ் வராது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர் தந்தால் அது அந்தச் சட்டத்தின் கீழ் வரும். எனவே நிறுவனங்கள் நன்கொடையாளரின் கடவுச்சீட்டு நகலை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. ரொக்கமாக அனுப்புவதைத் தவிர்க்க வேண்டும்.

யார் பொறுப்பு?

"எல்லாரும் பார்த்துக்கொள்வார்கள்" என்று விட்ட வேலையை யாரும் பார்ப்பதில்லை. தலைமை ஆசிரியருக்குப் பாடமும் தேர்வுமே தலைக்கு மேல் இருக்கின்றன. ஆகவே ஒவ்வொரு பள்ளியிலும் வசதிகளுக்கென்று பெயர் சொல்லி ஒருவரை நியமிக்க வேண்டும். ஊரில் ஓய்வு பெற்ற பொறியாளர், மேஸ்திரி, மின்வாரிய ஊழியர் இல்லாமல் இருக்க மாட்டார்கள். அவர்களில் மூன்று பேரைக் கொண்ட ஒரு சிறு குழு போதும்.

அவர்கள் கையில் ஒரு பதிவேடு. என்ன பழுது, யார் சொன்னது, எந்தத் தேதி, எப்போது சரி செய்யப்பட்டது, எவ்வளவு செலவு என்று ஐந்து பத்திகள். மாணவர்களும் அதில் எழுதலாம் என்று வைத்தால் உண்மை நிலவரம் தெரியும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அந்தப் பதிவேட்டை நிர்வாகக் கூட்டத்தில் வாசிக்க வேண்டும்.

வருடத்துக்கு ஒரு நாள்காட்டியும் தேவை:

• ஏப்ரல், மே: விடுமுறையில் வெள்ளையடிப்பு, பலகைக்குக் கறுப்பு, பெஞ்சு பழுது, மின் இணைப்புச் சோதனை.
• ஜூன்: திறப்பதற்கு முன் தொட்டி கழுவுதல், கழிப்பறைத் தாழ்ப்பாள், குழாய், விளக்கு சரிபார்ப்பு.
• செப்டம்பர்: வடகிழக்குப் பருவமழைக்கு முன் மொட்டை மாடி, வடிகுழாய், சுற்றுச்சுவர், மரக்கிளைகள்.
• டிசம்பர்: மழைக்குப் பின் விரிசல், ஒழுகல் கணக்கெடுப்பு. அதை வைத்து அடுத்த வருட வரவு செலவுத் திட்டம்.

அரசுப் பள்ளியில் உங்கள் பிள்ளை படித்தால் உங்களுக்குச் சட்டமே அதிகாரம் தருகிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பதும், மானியம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பதும் அந்தக் குழுவின் வேலை. அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் சிறுபான்மைப் பள்ளிகளிலும் இந்தக் குழுவுக்கு ஆலோசனை சொல்லும் பங்கு மட்டுமே உண்டு என்று 2012இல் செய்த திருத்தம் சொல்கிறது. ஆனாலும் பெற்றோரின் ஆலோசனையை மதிக்காத நிர்வாகம் நல்ல பெயர் எடுக்க முடியாது.

நம் வீட்டுத் தாய்மார்கள் இந்தக் கூட்டங்களுக்குப் போக வேண்டும். கழிப்பறையைப் பற்றி ஒரு தாய் கேட்கும் கேள்வியை எந்த ஆண் உறுப்பினரும் கேட்க மாட்டார்.

நீங்கள் இந்த வாரமே செய்யக்கூடியது

பள்ளிக்கு ஒரு முறை போய்வாருங்கள். குறை கண்டுபிடிக்கும் அதிகாரி போல அல்ல, பிள்ளையின் தாய் தகப்பனாகப் போங்கள். ஐந்து விஷயங்களை மட்டும் பாருங்கள். கழிப்பறையில் தண்ணீரும் தாழ்ப்பாளும் இருக்கின்றனவா? குடிநீர்த் தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினார்கள்? கடைசி பெஞ்சிலிருந்து பலகை தெரிகிறதா? மாடியிலிருந்து இறங்க இரண்டு வழி உண்டா, இரண்டும் திறந்திருக்கின்றனவா? உங்கள் பிள்ளை இந்த மாதம் நூலகத்திலிருந்து ஒரு புத்தகமாவது எடுத்து வந்ததா?

குறை இருந்தால் வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டுப் பள்ளியின் பெயரைக் கெடுக்காதீர்கள். நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுங்கள். கூடவே, "இந்தத் தாழ்ப்பாள்களை நான் வாங்கித் தருகிறேன்" என்று சொல்லுங்கள். ஒரு தாழ்ப்பாளின் விலை பெரிதில்லை. ஒரு பெண் பிள்ளை ஐந்து வருடம் நிம்மதியாகப் படிக்க அது போதும்.

பள்ளிக்கூடம் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைக் கட்டியவர்களின் பெயர் கல்வெட்டில் இருக்கிறது. அதைக் காப்பவர்களின் பெயர் எங்கும் எழுதப்படாமல் போகலாம். ஆனால் செப்டம்பர் மாதத்து வெயிலில் மொட்டை மாடியில் ஏறி வடிகுழாயில் அடைத்த இலையை அள்ளிப் போடுகிற அந்த மனிதருக்கும், கல்வெட்டில் இருப்பவருக்குக் கிடைக்கும் நன்மையில் பங்கு உண்டு, இன்ஷா அல்லாஹ்.